கழுவிக் கொடுத்த நூற்றிருபது மீன்கள்

அனுப்புநர்
ஒதிலியா கொலிவோரோ, வயது 54,
படகு உரிமையாளர், மீனவர் சங்கச் செயலாளர்,
படகுத்துறை அருகில், கெல்வே,
சிலோயே தீவு, சிலி.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மண்டல மீன் வளர்ப்பு அனுமதி அலுவலகம்,
காஸ்ட்ரோ.

பொருள்: கெல்வே விரிகுடா மீன்களுக்கு நோயில்லை என்ற ஆய்வறிக்கையை ஏற்க வேண்டாம் எனவும், அது தவறாகப் போனதற்கு நாங்களே காரணம் எனவும் தெரிவித்து, மறு ஆய்வு கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. அக்டோபர் 26 அன்று கெல்வே பள்ளிக்கூடத்தில் வாசிக்கப்பட்ட ஆய்வறிக்கை.
2. டிசம்பர் 18 அன்று அனுமதிக் கூட்டம் நடைபெறும் என்ற தங்கள் அலுவலக அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகார் மனு என்றால் அடுத்தவர் மேல் குறை சொல்வதுதான் வழக்கம். இந்த மனுவில் முதல் குற்றவாளி நான்தான். அதனால் இதை யாரிடமும் எழுதித் தரச் சொல்லாமல் நானே எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை படித்துவிடுங்கள்.

1. எங்கள் விரிகுடாவில் சால்மன் வளர்க்கும் நிறுவனம் ஒன்று பன்னிரண்டு கூண்டுகள் வைத்திருக்கிறது. மேலும் பதினான்கு கூண்டுகளுக்குத் தங்களிடம் விண்ணப்பித்திருக்கிறது. அனுமதிக்கு முன், கடலில் தானாக வாழும் மீன்களின் உடல்நலத்தையும், கடலின் நிலையையும், அந்தக் கடலால் ஊருக்கு வரும் வருமானத்தையும் ஆராய வேண்டும் என்பது விதி. அதற்காகப் பெருநிலத்தில் உள்ள ஓர் ஆய்வு நிலையம் மீன் நோய் மருத்துவர் மகாலி ஒயார்சுன் அவர்களை அனுப்பியது. சென்ற நவம்பர் முதல் இந்த அக்டோபர் வரை, மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று அவர் வந்தார். ஒவ்வொரு முறையும் பத்து ரோபாலோ மீன் எடுத்துச் சென்றார். கரையோரத்திலும் கூண்டுகளுக்கு அடியிலும் மேய்கிற மீன் அது. எனவே அந்த மீனைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை.

2. எங்கள் படகுகள் காலை ஆறு மணிக்குத் துறைக்கு வந்துவிடும். மகாலி வரும் படகு நண்பகலில்தான் வரும். சிறு படகில் ஏறி எங்களுடன் கடலுக்கு வர அவருக்கு அனுமதியில்லை, காப்பீட்டில் இடமில்லையாம். எனவே மீன்களை எடுத்து வைக்கும் பொறுப்பைச் சங்கம் என்னிடம் கொடுத்தது. முதல் நாளே மகாலி என்னிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொன்னார்: "டோன்யா ஒதிலியா, பொறுக்காதீங்க. வலையில வந்தது வந்தபடி, கைக்கு அகப்பட்ட பத்தை எடுத்துப் போடுங்க. நல்லது கெட்டது பாக்க வேண்டாம்."

3. காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். விழுந்தது, புரிந்தது, தலையும் ஆட்டினேன். ஆனால் ஐயா, தாங்களும் இந்தத் தீவுக்காரர் என்று கேள்விப்பட்டேன். நம் வீட்டு வாசலில் வந்து நிற்பவர் "எதுவானாலும் போதும்" என்றால் என்ன செய்வோம்? கூச்சப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டு, இருப்பதிலேயே நல்லதைத் தருவோம். அந்தப் பெண்ணோ மூன்று மணி நேரம் படகில் குலுங்கி, முகம் வெளுத்து வந்து இறங்குகிறவர். அவர் கையில் புண் பிடித்த மீனைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது படகுகளின் பிடியிலும் தேடி, கண் தெளிந்த, செதில் மின்னுகிற பத்து மீனை எடுத்தேன். அதோடு நின்றேனா? குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை அலசித் துணியால் துடைத்துத்தான் ஐஸில் வைத்தேன்.

4. அருகில் வலை உலர்த்திக்கொண்டிருந்த எவரிஸ்தோ சிகுவாய் இதைப் பார்த்து, "அந்தப் பொண்ணு அறுத்துப் பாக்கத்தானே கேக்குது? கல்யாணத்துக்கு அனுப்புற மாதிரி என்னத்துக்குக் குளிப்பாட்டுற?" என்று கேலி செய்தார். "அறுக்கிறவ கை மட்டும் நாறலாமா?" என்று நான் திருப்பிக் கொடுத்தேன். கேலி செய்த அதே எவரிஸ்தோதான் அடுத்த மாதம் தன் படகின் மிகப் பெரிய மீனைத் தனியாகக் கொண்டுவந்து, "இதையும் சேத்துக்க, நம்ம கடலைக் குறைவா நினைச்சிரப் போறாங்க" என்றார்.

5. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். நோய்ப்பட்ட மீன் எங்கள் துறைக்கே வருவதில்லை. துடுப்படியில் புண் உள்ளது, கடல் பேன் மொய்த்தது, கண் வீங்கியது எல்லாவற்றையும், துறையை மறைக்கிற நில முனையைத் திரும்புவதற்கு முன்பே கடலில் வீசிவிடுவோம், அல்லது நண்டுக் கூடைக்கு இரையாக்குவோம். கெட்ட மீனோடு துறைக்கு வந்த படகு என்ற பேச்சு அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒட்டிக்கொள்ளும். எங்கள் தகப்பனார் காலத்தில் வீசியது மாதம் ஒன்றோ இரண்டோ. இப்போது ஒவ்வொரு வலையிலும் வீசுகிறோம். இது ஒவ்வொரு படகுக்கும் தெரியும். ஒரு படகும் அடுத்த படகிடம் சொன்னதில்லை.

6. சென்ற ஜூலையில் என் கணவர் ரெமிஹியோ இறந்தார். அடக்கம் முடிந்த நான்காம் நாள் மகாலி வரும் செவ்வாய். அன்றும் போய்ப் பத்து மீன் பொறுக்கினேன். அன்றும் கழுவினேன். கை வேலை செய்துகொண்டிருந்தால் நல்லது என்று தோன்றியது. இதை எழுதக் காரணம், ஒரு மாதம்கூடத் தவறாமல் நான் இந்த ஆராய்ச்சியைக் கெடுத்தேன் என்று தாங்கள் அறிய வேண்டும் என்பதே.

7. அக்டோபர் 26 அன்று பள்ளிக்கூடத்தில் அறிக்கையை வாசித்தார்கள். நூற்றிருபது மீனில் நோயுள்ளது ஒன்றுமில்லை, பேன் ஒன்றுமில்லை என்றார்கள். நாங்கள் கை தட்டினோம், ஐயா. எழுந்து நின்று தட்டினோம். எங்கள் கடலுக்குக் கிடைத்த நற்சான்று என்று நினைத்தோம். கைத்தட்டல் அடங்கியதும் நிறுவனத்தின் அலுவலர் எழுந்தார். பன்னிரண்டு கூண்டுகள் இருந்தும் கடல் இவ்வளவு ஆரோக்கியமாக இருப்பதால் இன்னும் பதினான்கு வைப்பதில் தீங்கில்லை என்று மிகவும் பணிவாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கையில் அப்படி ஓர் அறிக்கை இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

8. வீடு திரும்பும் வழியில் எவரிஸ்தோ சட்டென்று நின்றுவிட்டார். "ஒதிலியா, அந்தப் பொண்ணுகிட்ட நாம கொடுத்தது எது, முனையில வீசினது எது?" என்றார். பிறகு அவரே, "நாமளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டோம் போ" என்றார்.

9. மறுநாளே மகாலியைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "கழுவினீங்களா? நல்ல தண்ணியிலயா? நல்ல தண்ணி பட்டாப் பேன் பிடி விட்டுருமே, டோன்யா ஒதிலியா" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அறிக்கையைத் திரும்பப் பெறும்படி அவர் தன் நிலையத்துக்கு எழுதினார். ஆய்வு முடிந்துவிட்டது, மீனவர் வாய்ச்சொல்லுக்காக மீண்டும் திறக்க முடியாது என்று பதில் வந்ததாம். "நான் சொன்னா என் தப்பை மறைக்கிறேன்னு நினைப்பாங்க. நீங்க எழுத்துல கொடுங்க" என்றார். அதுவே இந்த மனு. அந்தப் பெண்ணின் மேல் எந்தக் குறையும் எழுதப்படக் கூடாது.

10. வாய்ச்சொல் போதாது என்பதால் சங்கத்தைக் கூட்டினேன். அடுத்த ஐந்து செவ்வாய்க்கிழமைகளில், பிடித்த ரோபாலோ அனைத்தையும், ஒன்றையும் வீசாமல், துறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானித்தோம். முதல் செவ்வாயன்று எவரிஸ்தோ தன் பெட்டியை மழைக்கோட்டால் மூடிக்கொண்டு வந்தார். மழை இல்லை. அடுத்த படகும் மூடியிருந்தது, அதற்கடுத்ததும் அப்படியே. நான்தான் முதலில் என் பெட்டியைத் திறந்து வைத்தேன். அதன்பின் ஒவ்வொருவராகத் திறந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஐந்து நாளில் வந்த மீன் 412. அதில் புண்ணோ பேனோ வீக்கமோ உள்ளது 97. பலவற்றின் வயிற்றைக் கிழித்தபோது சால்மன் தீவன உருண்டைகள் இருந்தன. இவை எல்லாம் பள்ளி ஆசிரியை முன்னிலையில் எண்ணப்பட்டு, படம் எடுக்கப்பட்டவை.

11. நோய்க்குக் காரணம் கூண்டா, தண்ணீர் சூடானதா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. தெரிந்தவள்போல எழுத மாட்டேன். கூண்டே கூடாது என்றும் கேட்கவில்லை. என் மூத்த மகள் அந்த நிறுவனத்தின் ஆலையில்தான் வேலை செய்கிறாள், அவள் சம்பளத்தில்தான் என் வீட்டுக் கூரை மாறியது. ஆனால் மீனை அறுப்பதில் எனக்கு நாற்பது வருடப் பழக்கம். இந்த மீனுக்கு உடம்பு சரியில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏன் என்று கண்டுபிடிப்பது படித்தவர்களின் வேலை. கண்டுபிடிப்பதற்கு முன்பே பதினான்கு கூண்டுகளை இறக்கிவிட்டால், பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை. எங்கள் முப்பத்தொரு குடும்பங்களுக்கும் வேறு கடல் கிடையாது.

12. அறிக்கையில் இந்த விரிகுடாவின் மதிப்பு என்று ஒரு தொகை இருக்கிறது. துறைத் தராசில் ஏறிய மீனை மட்டும் கொண்டு போட்ட தொகை அது. மேட்டு வீடுகளுக்குக் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்குகிற மீன் தராசில் ஏறுவதில்லை. பள்ளிக்கூடச் சமையலுக்குப் போகிற மீனும், பாறையில் பொறுக்குகிற சிப்பியும் ஏறுவதில்லை. ரெமிஹியோவுக்கு ஒன்பது நாள் ஜெபம் நடந்தபோது, எந்தப் படகு எவ்வளவு மீன் கொண்டுவந்து என் அடுக்களையில் வைத்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்பது நாளும் வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுப் போனார்கள். அதுவும் இந்தக் கடலின் மதிப்புதான் என்று தாழ்மையுடன் தெரிவிக்கிறேன். அதை எப்படிக் கணக்கிடுவது என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்று அறிக்கையில் எழுதட்டும். ஒன்றுமில்லை என்று எழுதக் கூடாது.

13. எனவே நாங்கள் கேட்பது:

அ) பார்வை 1-ல் கண்ட அறிக்கையை அனுமதிக்கு ஆதாரமாகக் கொள்ளாமல், டிசம்பர் 18 கூட்டத்தில் கூண்டு விண்ணப்பத்தை ஒத்திவைக்க வேண்டும்.

ஆ) மேலும் ஓராண்டு ஆய்வு நடத்த வேண்டும். அதையும் மகாலி ஒயார்சுன் அவர்களே நடத்த வேண்டும். எங்களிடம் எப்படி ஏமாறலாம் என்பது இப்போது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

இ) அவர் எங்கள் படகில் ஏற அனுமதி தர வேண்டும். முனையைத் திரும்புவதற்கு முன், வலையிலிருந்து அவர் கையாலேயே மீனை எடுக்கட்டும். மிதவைச் சட்டை நாங்கள் வாங்கிவிட்டோம், அவர் அளவில்.

ஈ) தராசில் ஏறாத மீனையும் கடலின் மதிப்பில் சேர்க்க வேண்டும்.

14. இந்த மனுவுடன் ஒரு ஐஸ் பெட்டி கொண்டுவந்திருக்கிறேன். இன்று காலை என் படகில் வந்த பத்து ரோபாலோ அதில் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பக்கத்தில் நின்ற எவரிஸ்தோ, "அந்தப் பெருசை விடு, கை தானா அங்க போகுது பாரு" என்று கையைத் தட்டிவிட்டார். எடுத்த பிறகு பார்த்தேன், பத்தில் மூன்று கெட்ட மீன். பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. ஒரு பெரிய மனிதர் வாசலுக்கு இப்படி ஒரு மீனோடு நான் வந்ததே இல்லை. என் தாயார் உயிரோடு இருந்திருந்தால் என்னோடு பேசியிருக்க மாட்டார்.

தங்கள் அலுவலக வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியைத் திறந்து பார்த்து, பார்த்தேன் என்று கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள ஒருவரை அனுப்பிவையுங்கள். வாங்க முடியாது என்றால் அதையும் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நாளை வரச் சொன்னால் நாளைய மீனோடு வருவேன். ஒன்பது படகுகள் இருக்கின்றன, டிசம்பர் 18 வரை ஒவ்வொரு நாளும் மீனுக்குக் குறைவிருக்காது.

இன்றைய ஐஸ் மாலை நான்கு மணி வரை தாங்கும்.

இடம்: காஸ்ட்ரோ
நாள்: டிசம்பர் 3, 2024

உண்மையை இம்முறை மறைக்காமல் எழுதிய,
ஒதிலியா கொலிவோரோ
(ஒப்பம்)

இணைப்பு:
1. ஒன்பது படகு உரிமையாளர்களின் கையொப்பம். எவரிஸ்தோ சிகுவாய் இரண்டு இடத்தில் ஒப்பமிட்டிருக்கிறார், ஒன்றை விட்டுவிடவும்.
2. ஐந்து செவ்வாய்க்கிழமைகளின் எண்ணிக்கைப் பட்டியல், படங்களுடன்.
3. ரோபாலோ மீன், பத்து. கழுவாதவை.