மூன்றாவது இன்ஜெக்டர்

ஜூன் 9, திங்கள்

முனிகிருஷ்ணனின் டாக்சி திருப்பதியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருக்கிறது. டீசல் வண்டி. நின்ற இடத்திலேயே உதறுகிறது, கரும்புகை. லேப்டாப்பில் இணைத்த ஸ்கேனரை வண்டியில் மாட்டிப் பார்த்து, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களில் மூன்றாவதுதான் கெட்டிருக்கிறது என்றேன். ஹரிபாபு பம்ப் என்றார். இருபத்தாறு வருஷ மெக்கானிக், காதால் கேட்டே சொல்லிவிடுவாராம். "லேப்டாப்பு சொன்னா ஆச்சா, அம்மாயி?" என்று டிரைவர்கள் எதிரில் சிரித்தார். அம்மாயி என்றால் தெலுங்கில் சின்னப் பெண்.

ஸ்கேனர் எனக்கு, ஸ்பேனர் அவருக்கு என்று முதலாளி ரங்கையா பிரித்துவிட்டு ஏழு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கு மட்டும் ஆகிறதா?

ஜூன் 10, செவ்வாய்

நான் சொன்னதுதான் சரி.

நான்கு இன்ஜெக்டர்களிலும் மிச்ச டீசல் திரும்பிவரும் ரிட்டர்ன் குழாயில் ஒவ்வொரு பாட்டிலை மாட்டி இன்ஜினை ஓட விட்டேன். மற்ற மூன்றிலும் அடியில் கொஞ்சம் டீசல். மூன்றாவதில் பாதி பாட்டில். எரிய வேண்டியது எல்லாம் திரும்பி வழிகிறது. ரங்கையா பார்த்தார். முனிகிருஷ்ணனும் பார்த்தார். ஹரிபாபு டீ குடிக்கப் போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

ஜூன் 12, வியாழன்

புது இன்ஜெக்டர் வந்தது. பழையதைக் கழற்றி இதை மாட்டியது ஹரிபாபு. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு எண் பொறித்திருக்கும். அதை வண்டியின் கம்ப்யூட்டரில் பதியாவிட்டால், பழையதற்கு அளந்த அளவிலேயே புதியதற்கும் டீசலை விடும். பதிவது என் வேலை. முடித்துவிட்டு, ஊருக்குப் போகும் நகரி ரயிலுக்கு ஓடினேன். கடைசி நிமிஷம்.

ஜூன் 16, திங்கள்

நேற்று திருமலை மலைப்பாதையில் ஏறும்போது வண்டி குலுங்கி, வளைவில் அணைந்து, பின்னால் உருண்டிருக்கிறது. உள்ளே வயதான இரண்டு பேர், ஒரு கைக்குழந்தை. முனிகிருஷ்ணன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தியிருக்கிறார். காலையில் அவரே வந்து சொன்னார். "கொழந்தைய வச்சிக்கினு ஏறினேம்மா. பின்னால பஸ்ஸு வந்துக்கினு இருந்தது."

எல்லோர் எதிரிலும் சொன்னேன் - இன்ஜெக்டருக்கு அடியில் இருந்த பழைய செம்பு வாஷரை எடுக்காமல், அதன்மேலேயே புதியதைப் போட்டு ஹரிபாபு மாட்டியிருக்கிறார், அதனால்தான் சரியாக உட்காரவில்லை என்று. பார்த்தேனா? இல்லை. அவர் வேலை வேறு எப்படி இருக்கும்?

"நா என் கையால எடுத்தேன்," என்றார் ஹரிபாபு. இரண்டு முறை சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இனி இன்ஜின் பக்கமே வர வேண்டாம், கார் கழுவினால் போதும் என்று ரங்கையா சொல்லிவிட்டார். நாளை நான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

பிரிப்பதற்கு முன் ஸ்கேனரை மாட்டினேன். மூன்றாவது வரியில் பழைய எண்.

பதியவே இல்லை. ரயிலுக்கு நேரமாச்சுன்னு, முடிஞ்சுதான்னு கூடப் பாக்காம கேபிளைப் புடுங்கினது யாரு? நான்தானே.

புது எண்ணைப் பதிந்தேன். சாவியைத் திருப்பி அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தேன். உதறல் நின்றது. புகை இல்லை. ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. ரங்கையா வந்து, "வாஷர்தானே?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஜூன் 18, புதன்

வாய் திறந்து பொய் சொல்லவில்லை. இதை எழுதி யாரை ஏமாற்றுகிறேன்?

ஜூன் 21, சனி

பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஹரிபாபு கார் கழுவுகிறார். குனிந்தால் நிமிர நேரமாகிறது. ஒரு டிரைவர் போகிற போக்கில், "வாஷரெல்லாம் எடுத்துட்டியா?" என்று கேட்டுச் சிரித்தான். அவர் அடுத்த சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்தார்.

வேணும், நல்லா வேணும் என்று காலையில் நினைத்தேன். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து அப்படியே மூடிவிட்டேன். ஸ்கேனரைப் படிக்கத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஜூன் 23, திங்கள்

எண்ணைப் பதியாமல் விட்டது நான்தான் என்று ஹரிபாபுவிடம் சொன்னேன். தண்ணீரை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நா எடுத்தது எனக்கு தெரியாதா? எங்கிட்ட எதுக்கு சொல்ற? அன்னிக்கு யார் முன்னாடி சொன்னியோ, அங்க போயி சொல்லு."

மறுபடி தண்ணீரைத் திறந்தார். என் ஷூவெல்லாம் நனைந்தது.

ஜூன் 24, செவ்வாய்

சொன்னேன். ரங்கையா, முனிகிருஷ்ணன், நான்கு டிரைவர்கள் எதிரில். நடுவில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"எங்க உசுர விட உனக்கு ரயிலு பெருசாப் போச்சா?" என்றார் முனிகிருஷ்ணன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரங்கையா ஸ்கேனரைத் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஹரிபாபுவைப் பார்த்து, பழையபடி இன்ஜின் வேலைக்கு வரச் சொன்னார். அவர் தன் சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ரங்கையா கூப்பிட்டும் திரும்பவில்லை.

ஜூலை 3, வியாழன்

ஸ்கேனரைக் கொடுத்தார்கள். நான் பதியும்போது ரங்கையா பின்னால் வந்து நிற்கிறார். நிற்கட்டும். ஹரிபாபு சித்தூரில் ஒரு ஷெட்டில் சேர்ந்துவிட்டாராம்.

ஜூலை 20, ஞாயிறு

சித்தூர் போய் வந்தேன். அங்கே ஒரு வண்டிக்கு இன்ஜெக்டர் மாற்ற வேண்டும், ஸ்கேனர் இல்லை என்று, ஸ்கேனரோடு என்னை அனுப்பச் சொல்லி ஹரிபாபு ரங்கையாவுக்குப் போன் செய்திருக்கிறார். ஸ்கேனரை எடுத்துக்கொண்டு திருப்பதியிலிருந்து பாகாலா வழியாக பஸ். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றே இருந்தது.

வா என்று ஹரிபாபு சொல்லவில்லை. வண்டியைக் கை காட்டினார். எண்ணைப் பதிந்தேன். முடிந்தது என்று திரையில் வரும் வரை காத்திருந்தேன். சாவியைத் திருப்பி அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையையும் இன்ஜெக்டரின் தலையையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தார்.

"எனக்கு கோபம் போகல," என்றார்.

தெரியும் என்றேன்.

அடுத்த ஞாயிறும் ஒரு வண்டி வருகிறதாம். வருகிறாயா என்று கேட்கவில்லை. திருப்பதியிலிருந்து காலையில் எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார். ஏழரைக்கு ஒன்று இருக்கிறது என்றேன்.