முனியாயி முடிச்சில் இருந்த ஒரு கை அரிசி

லூபோக் சீனா,
13.9.1952, சனிக்கிழமை.

அன்புள்ள மகன் தங்கராஜுவுக்கு,

கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், சிங்கப்பூரில் உன் சுகத்துக்காக இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். நீ அனுப்பிய கண்ணாடி அப்பாவுக்குச் சரியாக இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு வேதத்தை வாசித்து என்னோடு வாதாடத்தான் அது உதவுகிறது. எனக்குத்தான் தலை குழம்பிக் கிடக்கிறது. நீ கோர்ட்டில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன், உனக்காவது புரிகிறதா பார்.

காட்டுக்குள் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, தோட்டத்து வேலியைத் தாண்டி ஒரு மணி அரிசிகூடக் கொண்டுபோகக் கூடாது என்பது இப்போது சட்டம். காலையில் ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்களை கேட்டில் தடவிச் சோதிக்கிற வேலைக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். போன வாரம் வெள்ளிக்கிழமை முனியாயியின் முந்தானை முடிச்சில் அரிசி தட்டுப்பட்டது. நம் பக்கத்து வீட்டு விதவை, நீ சின்ன வயதில் மலேரியாவில் கிடந்தபோது உன்னை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டவள். அவிழ்த்தால் மஞ்சள் தடவிய அரிசி, ஒரு கை இருக்கும். "அக்கா, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்க முனியாண்டிக்குப் போடத்தான்க்கா, வெள்ளிக்கிழமையில்ல," என்றாள். சாமிக்கு என்றால் சட்டத்தில் சேராது என்று நினைத்துவிட்டாள் பாவம். சட்டம் சட்டம்தானே என்று நான் கேட்டில் நிற்கும் போலீஸ் கார்ப்பரலைக் கூப்பிட்டேன். அங்கேயே தப்பு செய்துவிட்டேனா, அதுவும் தெரியவில்லை.

அவர் அதை வாங்கி, அந்த வாரம் பிடித்த அரிசியெல்லாம் கிடந்த பிஸ்கட் டின்னில் கொட்டினார், மொத்தமாக நிறுத்து, ஏழெட்டுப் பேர் வயிறாரச் சாப்பிடும் இரண்டு காத்தி என்று அவள் பேரில் எழுதினார். நான் வாயைத் திறப்பதற்குள், "எல்லாம் ஒரே அரிசிதான்லா, சைன் போடு," என்றார். போட்டுவிட்டேன். ஒரு கை என்றால் மிரட்டி அனுப்பியிருப்பார்கள், இரண்டு காத்தி என்றால் காட்டுக்குச் சோறு அனுப்பியவள் ஆகிவிடுகிறாள், வருஷக்கணக்கில் உள்ளே போட்டுவிடுவார்களாம். திங்கட்கிழமை அலோர் காஜா கோர்ட்டில் கேஸ், கார்ப்பரலின் எழுத்துக்கு நான் ஒருத்திதான் சாட்சி.

அதிகாரம் தேவனால் உண்டானது, எதிர்த்துப் பேசாதே, உன் வேலையும் போகும், பையனின் சர்க்கார் உத்தியோகத்துக்கும் கேடு வரும் என்கிறார் அப்பா. வேதத்தில் இருப்பதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கார்ப்பரலின் நோட்டுப் புத்தகமும் தேவனால் உண்டானதா? ஒரே சாட்சியை நம்பி யாரையும் தண்டிக்காதே என்றும், சாட்சி சொன்னவன் கைதான் முதல் கல்லை எறிய வேண்டும் என்றும் அதே வேதத்தில் இருக்கிறதே. அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறார். காலையில் அவர் சொல்வது சரியென்று படுகிறது, மாலையில் லாக்கப்பில் கிடக்கும் முனியாயியின் வீட்டுப் பூட்டைப் பார்த்தால் இல்லையென்று படுகிறது. எனக்கு என் கையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் திங்கட்கிழமை கடந்துவிடும், உன் பதிலுக்குக் காத்திருக்க வழியில்லை. வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, ஞாயிறு ஆராதனைக்குப் போக மறக்காதே. உன் வேலைக்கு ஏதாவது வந்தால் அம்மாவை மன்னித்துவிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

எது சரியென்று எனக்கு இன்னும் தெரியவில்லை, எவ்வளவு அரிசி என்பது மட்டும் தெரியும். அதே அளவு அரிசியை மஞ்சள் தடவி என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கோர்ட்டில் நீதிபதி கண்ணால் பார்க்கட்டும். கேட்டில் என்னைச் சோதிக்க ஆள் கிடையாது. நானே அவிழ்த்துக் கார்ப்பரலிடம் காட்டுவேன். பிடித்தாலும் அதே கோர்ட்டுக்குத்தானே கொண்டுபோவார், என் பேரில் எத்தனை காத்தி எழுதுகிறார் என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாராள்