பட்டாணி பேச ஆரம்பிச்சதும் என் வயித்தெரிச்சலும்

என் கண்ணான மகனுக்கு,

அம்மா எழுதறேன். இங்கே நானும் அப்பாவும் நல்லபடியா இருக்கோம், அப்பாவுக்கு முழங்கால் வலி பாதி குறைஞ்சிருக்கு, அங்கே நீயும் மருமகளும் பட்டாணியும் நோய்நொடி இல்லாம இருந்தா எங்களுக்கு அதுவே போதும்.

போன ஞாயித்துக்கிழமை உன் பொண்ணு பட்டாணி போன்ல பேசினதிலிருந்து என் மனசு ஒரு நிலையில இல்லை. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பாஷையில பொரிஞ்சு தள்ளுவா, தமிழ்ல கேட்டா தலையை மட்டும் ஆட்டுவா, அப்படி இருந்த நாலு வயசுக் குழந்தை, தாத்தா செருப்பை நான் ஒளிச்சு வெச்சேன் அவர் தேடறார்னு மூச்சு விடாம சொல்லுது. சந்தோஷம்தான் படணும், ஆனா பெத்த பிள்ளைகிட்ட மறைக்க என்ன இருக்கு, எனக்கு வயிறு எரிஞ்சுது. தாத்தான்னு அது சொன்னது உன் மாமனாரை. அவர் அங்கே வந்து மூணு மாசம்தான் ஆகுது, லாரி ஓட்டின மனுஷன், நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினா அதிகம். நான் பஸ் ஸ்டாண்டுல மைக் பிடிச்சு அறிவிப்பு சொல்றவ, ரெண்டு வருஷமா வாரம் தவறாம கதையும் பாட்டும் பதிவு பண்ணி அனுப்பினவ. பேர் மட்டும் அவருக்கு.

பொறுக்க முடியாம புதன்கிழமை மருமகளையே கேட்டுட்டேன், உங்கப்பா அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கறார்னு. ஒண்ணும் இல்லை அத்தை, அப்புறம்னு கேட்டுட்டு சும்மா இருப்பார், அவ தப்பா சொன்னாலும் ரெண்டு பாஷையும் கலந்து சொன்னாலும் திருத்தாம பதில் சொல்வார்னா. அப்புறம் தயங்கித் தயங்கி, நீங்க கூப்பிட்டா அவளுக்குப் பேச இடமே கிடைக்கறதில்லை அத்தைன்னா. சுருக்குன்னுச்சு. இங்கே உன் அப்பாகிட்ட குறை சொல்லலாம்னு போனா, அவர் பேப்பர்லேர்ந்து கண்ணை எடுக்காம, மைக்குக்கு யாரு பதில் சொல்வாங்கங்கறார்.

நேத்து நீ கடைக்குப் போயிருந்தப்போ வீடியோ கால்ல கூப்பிட்டேன். இன்னிக்கு நீ என்ன பண்ணினேன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாயைக் கட்டிக்கிட்டேன். அது யோசிச்சுது, விரலைச் சப்புச்சு, எங்கேயோ பாத்துச்சு, எனக்கானா நாக்கு துடிக்குது. கடைசியில, நான் பால் கொட்டிச்சுன்னு சொல்லுச்சு. கொட்டினேன்னு திருத்த வந்ததை விழுங்கிட்டு, அப்புறம்னேன். பூனை வந்துச்சாம், நக்குச்சாம், அம்மா திட்டலையாம், பூனைக்கு மீசையெல்லாம் வெள்ளையாம். பாதி எனக்குப் புரியலை, ஆனா ஏழு நிமிஷம் பேசுச்சுப்பா, என்கிட்ட.

உன் மாமனார் இன்னும் ரெண்டு மாசம் அங்கேயே இருக்கட்டும், அனுப்பிடாதே. மனசாரச் சொல்றேன்னு நினைக்காதே, குழந்தைக்காகச் சொல்றேன். மூணு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்க. குளிர்ல காதை மூடிக்கிட்டுப் போ. ஏழு நிமிஷம்னு அவர் காதுல விழற மாதிரி ஒரு தடவை சொல்லு, நான் எப்படிப் பேச வெச்சேங்கறதை மட்டும் சொல்லிடாதே.

உன் நினைப்பாவே இருக்கற
அம்மா