ரெண்டுங்கெட்டான் வண்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

யின்ஹுவா வணக்கத்துடன் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இந்த வாரம் கொஞ்சம் திமிராகவும் இருக்கிறேன்.

"சார்ஜும் போடணும், பெட்ரோலும் ஊத்தணும். எதுக்கும்மா இந்த ரெண்டுங்கெட்டான் வண்டி?" என்றீர்களே, அதனால்தான் அந்த எஸ்யூவியை வாங்க ஆறு மாதம் தயங்கினேன். முழு மின்சாரக் கார் வைத்திருக்கும் குவோ அண்ணனும் எங்கள் தொழிற்சாலையில் அதையே சொல்லிச் சிரித்தார். போன மாதம் துணிந்து வாங்கிவிட்டேன்.

மூன்று நாள் விடுமுறையில் ஊருக்கு வந்து திரும்ப முடியாது என்பதால் குய்லின் மலைகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன். வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் சார்ஜ் போட நாற்பது கார்கள் வரிசையில் நின்றன. வரிசையின் கடைசியில் குவோ அண்ணன்! நான் ஐந்தே நிமிடத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நிறுத்தினேன். மின்சார அடுப்பை வண்டியிலேயே செருகி நூடுல்ஸ் வேகவைத்தேன். வாசனை எட்டியதும் அவர் காரிலிருந்து இறங்கி வந்தார்.

"என்னம்மா, கார்லயே சமையலா?"

"ரெண்டுங்கெட்டான் வண்டிண்ணே. பசிக்குதா?"

இரண்டு கிண்ணம் காலி செய்தார். "என் பொண்டாட்டி இதைத்தான் வாங்கச் சொன்னா. அவகிட்ட சொல்லிடாதே, தாயே!"

உங்கள் கைப்பக்குவத்தில் ஊறிய மிளகாய் ஒரு ஜாடி அனுப்புங்கள். கடை மிளகாய் வெறுமனே உறைக்கிறது.

தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓட வேண்டும். வண்டியில் என் பக்கத்து இருக்கையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. அதில் இதுவரை யாரும் உட்காரவில்லை. புத்தாண்டுக்கு வண்டியோடு வருகிறேன். உறையை நீங்கள்தான் கிழிக்க வேண்டும்.

உங்கள் மகள்,
யின்ஹுவா