பவர் பேங்கில் இருந்த ஒரு புள்ளி

மச்சான்,

இன்று காலை நீ தைத்துக் கொடுத்த பையின் ஜிப்பை இழுத்தபோது என் கட்டைவிரலில் வெள்ளி ஒட்டியது. உன் கையில் இருந்த அலுமினியப் பவுடர். பட்டாசு மருந்து கலக்குகிறவன் எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கொஞ்சம் தங்கிவிடும் என்பாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஜிப்பின் பல்லுக்குள் அது அப்படியே இருக்கிறது. வேட்டியில் படாமல் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் எழுதுகிறேன், பார்த்தாயா. ஒரு வரி முடிய ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகிறது. ‘ழ’ போட்டால் வாலை எங்கே நிறுத்துவது என்று இன்னும் தயக்கம்தான். ஆனாலும் போட்டு முடித்ததும் நோட்டைத் தள்ளி வைத்து ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது. உன் தங்கச்சி நம்பவே இல்லை. “யாரைப் பாத்து எழுதினீக?” என்று கேட்டாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் கைநாட்டை மட்டும் பார்த்தவள் அல்லவா?

உனக்குத் தெரிந்ததையே எழுதப்போகிறேன். எழுத வருகிறது என்பதால் எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

கம்பெனி கேட்டுக்குள் போன் போகக் கூடாது. பீடி, தீப்பெட்டி, போன் எல்லாவற்றையும் வாட்ச்மேனான என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவீர்கள். கேட்டுக்கு வெளியே என் தகரக் கொட்டகையில் ஒரு மரத்தட்டு. அதில் நாற்பது குழி, நாற்பது போன். கொட்டகையில் கரண்டு கிடையாது. வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சார்ஜும் கிடையாது. “அண்ணாச்சி, சாயங்காலம் பஸ்ல போகையில மகனுக்குப் பேசணும், செத்துக் கெடக்கு” என்று யாராவது தினமும் புலம்புவார்கள். நான் என்ன செய்ய? போனை வாங்கி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒருநாள் நீ சொன்னாய்: “ஏலே மாப்ள, ஊரே உங்கிட்ட போனைக் குடுத்துட்டுப் போகுது. நீ அதுகளுக்குக் கஞ்சி ஊத்த வேணாமா?”

இருவரும் சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். நீ இரண்டு பவர் பேங்கை எடுத்து, இரண்டு கையிலும் வைத்து, தக்காளி வாங்குகிறவன் மாதிரி எடை பார்த்தாய்.

“இது கனமே இல்லையே தம்பி. உள்ள எம்புட்டு இருக்கும்?”

“இருபதாயிரம் எம்.ஏ.எச்., அண்ணாச்சி. அட்டையிலயே போட்டுருக்குல்ல?”

“அட்டையில போட்டாப் போதுமா? நாங்களுந்தான் சரவெடி மேல நூறுன்னு போடுதோம். பத்த வச்சு எண்ணிப் பாரு, எம்பதுதான் வெடிக்கும்.”

கடைக்காரர் சிரித்துவிட்டுக் கீழே குனிந்து வேறு ஒன்றை எடுத்தார். சோப்புப் பெட்டி அளவு, நல்ல கனம். பொத்தானை அழுத்தினால் நான்கு புள்ளி எரிந்தது. ஒவ்வொரு புள்ளியாகக் குறைந்துகொண்டு வரும் என்றார். எண்ணத் தெரிந்தால் போதும், எழுத்து வேண்டாம் என்று எனக்குச் சந்தோஷம்.

பையை நீதான் தைத்தாய், உன் மகனின் பழைய பள்ளிக்கூடப் பையை வெட்டி. நான்கு அறை. பட்டன் போனுக்கு மெல்லிய பின் வயர், அதன் கழுத்தில் சிவப்புத் தாள். பழைய டச் போனுக்கான வயரில் பச்சைத் தாள். எப்படிச் சொருகினாலும் போகிற புது வயரில் வெள்ளித் தாள். புஸ்வாணத்துக்கு ஒட்டுகிற அதே தாள்கள்தான். எழுத்துத் தெரியாதவன் வயரை மாற்றிச் சொருகிப் பின்னை உடைத்துவிடக் கூடாது என்று நிறம் வைத்தாய். மூன்று அறையில் மூன்று வயர். நான்காவது எதற்கு என்று கேட்டேன்.

“இன்னொரு பின்னு கண்டுபிடிக்காமலா இருக்கப் போறான்? இருக்கட்டும்லே.”

ஒரே ஒரு சட்டம் போட்டாய். “மொதல்ல ஒன் போனு. பொறவுதான் ஊரு போனு. கேட்டுல இருக்கவன் போனு செத்துட்டா, உள்ள இருக்க எல்லாருமே செத்த மாதிரிதான்.”

தினமும் காலையில் என் போனைச் சொருகிய பிறகே மற்றவர்கள் போனைத் தொட்டேன். ஒரு நாள் தவிர.

அது தீபாவளிக்கு முந்தைய சீசன். முந்தின நாள் ராத்திரி முழுக்கத் திருத்தங்கலில் எங்கள் வீட்டுப் பக்கம் கரண்டு இல்லை, பவர் பேங்க் ஏறவில்லை. காலையில் பொத்தானை அழுத்தினேன். ஒரு புள்ளிதான். ஒரு போனுக்குக் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். என் போன் அப்போதே சாகிற நிலையில் இருந்தது.

சரம் பின்னுகிற பேச்சியம்மா தட்டின் முன்னால் நின்றாள். அவள் மகள் மாரீஸ்வரிக்கு அது தலைப்பிரசவம்.

“அண்ணாச்சி, நாளு நெருங்கிருச்சு. எப்ப வேணாலும் போனு வரும். எம் போனுல ஒரு கோடுகூட இல்ல. பாத்துச் செய்யுங்க.”

சிவப்புத் தாள் வயரை எடுத்து அவள் போனில் சொருகினேன். என் போன் கொஞ்ச நேரத்தில் அணைந்துபோனது.

பதினோரு மணிக்கு நீ கலவை முடிந்து வெளியே வந்தாய். வெயில் ஏறுவதற்குள் உன் வேலை முடிந்துவிடும். வழக்கத்தைவிட மெதுவாக வந்தாய் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. உன் போனை எடுத்துக்கொண்டு கேட்டாய்:

“ஒன் போனு எங்க மாப்ள?”

“ஏறிக்கிட்டு இருக்கு” என்றேன்.

நீ ஏசுவாயே என்று சொன்ன பொய். “சரிலே” என்று போய்விட்டாய். நம் இருவருக்கும் நடுவில் கடைசியாக நடந்த பேச்சு அதுதான்.

பன்னிரண்டு மணி வாக்கில் பேச்சியம்மாவின் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு, உள்ளே ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டேன். மகளை விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷன் என்று சொன்னதும் அவள் தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் ஓடினாள். உள்ளே கொண்டுபோவதற்கு முன் மகளின் கையைப் பிடித்துவிட்டாளாம். பெண்பிள்ளை, இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று சாயங்காலத்துக்குள் அவள் வீட்டு ஆள் வந்து சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்காத அளவுக்குச் சந்தோஷம். ஒரு புள்ளியை வைத்து எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று தட்டைப் பார்த்துச் சிரித்தேன்.

சாயங்காலம் வீட்டில் போனைச் சார்ஜில் போட்டேன். உயிர் வந்ததும் மூன்று தடவை கிணுகிணு என்றது. மூன்று செய்தி. போன் கம்பெனிக்காரன் எதையாவது விற்க அனுப்புகிறவை எனக்கு நிறைய வரும். திறக்காமல் வைத்துவிட்டு உன் தங்கச்சியிடம் பேச்சியம்மா பேத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உன் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். உன் வீட்டம்மா அச்சங்குளத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நாள் அது. நீ கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தாயாம். நெஞ்சுவலி. மத்தியானமே போயிருக்கும் என்றார்கள்.

போன வருஷம் நாரணாபுரம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கினார்கள். சொல்லிக் கொடுக்கிறது யார் தெரியுமா? மாரீஸ்வரிதான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே கரும்பலகையில் எழுதுவாள். எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பஸ் போர்டைப் படித்தேன். உப்பு பாக்கெட்டைப் படித்தேன். நாள் முழுக்க என் கண் முன்னால் லாரியில் ஏறிப்போன பெட்டிகளில் ‘பற்றவைத்ததும் விலகி நிற்கவும்’ என்று எழுதியிருக்கிறது, மச்சான். இத்தனை வருஷமாக நான் பூ படம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குஷியில்தான் ஒருநாள் கொட்டகையில் உட்கார்ந்து போனில் கிடந்த பழைய செய்திகளை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். சலுகை. ரீசார்ஜ். பாட்டு. அப்புறம் அந்த மூன்று. தமிழில்தான் இருந்தன. ‘உங்கள் போன் அணைந்திருந்தபோது இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.’ எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, உன் வீட்டில் எழுதி வாங்கிய தாளோடு வைத்துப் பார்த்தேன். உன் நம்பர். பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு பதினான்கு. பன்னிரண்டு முப்பத்தொன்று.

ஏறிக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னதை நம்பித்தான் கூப்பிட்டிருக்கிறாய். இல்லையென்றால் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பாய். பக்கத்து வீட்டுக்காரரை. உன் மகனை. மூன்றாவது அழைப்புக்கு முன்னால் பதினேழு நிமிஷம் இருக்கிறது. அதில் நீ என்ன செய்தாய் என்பதை எந்த எழுத்தும் எனக்குச் சொல்லவில்லை. நான் வந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரைக் கேட்கப் போய், வாசல்வரை போய், திரும்பிவிட்டேன்.

போன வாரம் மாரீஸ்வரி சொன்னாள்: “மாமா, அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு யாருக்காச்சும் ஒரு மடல் எழுதிட்டு வாங்க. மனசுல இருக்கதை எழுதுங்க. நான் திருத்தித் தாரேன்.”

மனசில் இருப்பது இதுதான். இதை அவளிடம் எப்படிக் கொடுப்பேன்? அவளுக்கும் பேச்சியம்மாவுக்கும் எதுவும் தெரியாது. தெரிந்தால் அந்தப் பிள்ளை சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் உன்னை நினைப்பார்கள். அந்த வயரை இன்னொரு தடவை என் கையில் கொடுத்தால் எந்தப் போனில் சொருகுவேன் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். அதனால் டீச்சருக்கு வேறு ஒன்று எழுதிவிட்டேன், திருப்பூரில் இருக்கும் என் மகனுக்கு, ஊரில் மழை பெய்தது என்று. இந்த மடலில் உள்ள பிழைகள் திருத்தப்படாமலே இருக்கும். நீ பொறுத்துக்கொள்.

இதை எட்டாக மடித்துப் பையின் நான்காவது அறையில் வைக்கப்போகிறேன். வெறும் தாளை வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்துகிறது.

இன்று காலை கொட்டகைக்கு வந்ததும் பொத்தானை அழுத்தினேன். நான்கு புள்ளி. முதலில் என் போனைச் சொருகினேன். பேச்சியம்மா தன் போனை நீட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“ஒங்க போனுதான் ஃபுல்லா இருக்கே அண்ணாச்சி, அதை எதுக்குத் தெனமும் சொருகுறீக?”

“எம் மச்சான் ஏசுவான்.”

“அந்த மனுசன் போயே ரெண்டு வருசமாச்சு. இன்னுமா பயம்?” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

வயரைத் தொட்டுப் பார்த்தேன். லேசாகச் சூடாக இருந்தது. ஏறிக்கிட்டுத்தான் இருக்கு, மச்சான்.