பதினெட்டாம் நாள், ஒரு வாய் சிராப்

மாமாவுக்கு,

யாரும் நம்பப் போகாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன் என்று ஈப்போ சிலிபினில் உள்ள இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வலது கையை வைத்து உறுதி கூறுகிறேன். பேராக் மாநிலத்தில் இதுவரை சொல்லப்பட்ட அளப்புகளை எல்லாம் லாரிகளில் ஏற்றி ஊர்வலம் விட்டால், முன்னால் கொடி பிடித்துப் போகும் தகுதி இதற்கு உண்டு. உங்களுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் உங்களுக்கே எழுதுகிறேன். இதில் என்னைத் திருத்தக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

மணி நாலாகப் போகிறது. பிலோமினா, அதாவது உங்கள் மகள், நாற்பத்தைந்து வருஷமாக என் பேச்சில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கேட்கிறவள், ரோஜா சிராப் கலக்கி என் முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மார்ச் மாதம். எங்கள் பஹாய் மார்க்கத்து நோன்பு நடக்கிற பத்தொன்பது நாள். ஆனால் எனக்குப் போன மாதம் எழுபது முடிந்துவிட்டது. எழுபதைத் தாண்டியவன் நோன்பிருக்க வேண்டாம் என்பது எங்கள் சட்டம். ஆகவே குடிக்கலாம். தடை சொல்ல வானத்திலும் ஆளில்லை, பூமியிலும் ஆளில்லை. அப்படியிருக்க, அந்த வாசனை வந்ததிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. வாசல்வரை போய்ப் போய்த் திரும்பியதில் தரையில் ஒரு வாய்க்கால் விழுந்துவிட்டது. அதில் தண்ணீர் விட்டால் படகே ஓட்டலாம்.

சுங்காய் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், நீங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர், முன்பக்கம் இரண்டுக்கும் பொதுவாக இடுப்பளவில் ஒரு கட்டைக் கைப்பிடி. நீங்கள் மண்டோர், வேலையாட்களை மேய்ப்பவர். உங்கள் மூக்கு அதிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பினால் நீங்கள் பின்னால் கால் மணி நேரம் கழித்து வந்து சேருவீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதே மூக்கோடு தோட்டத்து மாதா கோயிலில் ஜெபம் சொல்வீர்கள், ஏனென்றால் பாதர் ஈப்போவிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். நான் ஆபீஸ் கிராணி, கணக்கெழுதுகிறவன். ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவன், வேலைக்கு வந்த இடத்தில் பஹாய் ஆனவன். பேனாவைத் தவிர வேறெதையும் தூக்காதவன்.

முதலில் உங்களுக்கு என்மேல் இருந்தது வெறும் ஆராய்ச்சி. வேலை முடிந்ததும் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பீர்கள். ஏசுவை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டீர்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் பஹாயாகவே இருக்க முடியாது என்றேன். கடவுள் ஒருவர், அவர் காலத்துக்குக் காலம் ஒருவரை அனுப்புகிறார், உங்கள் ஆண்டவரையும் அனுப்பினார், பாரசீகத்தில் பிறந்த எங்கள் பெரியவரையும் அனுப்பினார், பள்ளிக்கூடம் ஒன்று, வகுப்புகள் வேறு என்று விளக்கினேன். அப்படியானால் நான் கீழ்வகுப்பா என்று நீங்கள் மூக்கைத் தூக்கினீர்கள். அன்று நான் பட்ட பாட்டில் தோட்டத்து மரங்கள் அத்தனையும் இலையுதிர்த்தன. அது இலையுதிர்க்கிற மாதம்தான் என்பது வேறு விஷயம்.

கோயில் எங்கே என்றீர்கள். இப்போதைக்கு என் வீடுதான், பத்தொன்பது நாளுக்கு ஒரு தடவை கூடுவோம், ஒருவர் ஜெபம் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு ஊர் விஷயம் பேசுவோம், அப்புறம் சாப்பாடு என்றேன். படம் கிடையாது, சிலை கிடையாது, கள்ளுச் சாராயம் கிடையாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தீர்கள். பாதர் கிடையாது, பாவசங்கீர்த்தனமும் கிடையாது என்றதும் தலை நின்றுவிட்டது.

"சாமியார் இல்ல. போயி பாவம் சொல்லவும் ஆளில்ல. அப்ப ஒன்ன யாருதான்டா பாக்குறது?"

"யாரும் பாக்க வேணாம்ணே. எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு."

"அது நல்ல சௌகரியம்லா" என்றீர்கள்.

உங்கள் பாதரும் மாதத்துக்கு ஒரு தடவைதானே வருகிறார், மற்ற மூன்று வாரம் நீங்களும் எங்களைப் போலத்தானே என்று நான் திருப்பினேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அது உங்களுடைய சிரிப்பு அல்ல. அந்தச் சிரிப்பில்தான் நான் தலைகுப்புற விழுந்தேன்.

விழுவதற்கு முன் நான் செய்த மகா முட்டாள்தனத்தை இங்கே பொறித்து வைக்க வேண்டும். எங்கள் மார்க்கத்தின் பெருமையைச் சொல்லும் வேகத்தில், பெண்ணும் பிள்ளையும் தாங்களே தேர்ந்துகொள்ளலாம், ஆனால் உயிரோடு இருக்கிற தாய் தகப்பன் அத்தனை பேரும் சம்மதிக்காமல் கல்யாணமே கிடையாது, பெற்றவர்கள் வேறு மதமாக இருந்தாலும் அதுதான் சட்டம் என்று மேடைப் பேச்சாகவே முழங்கியிருந்தேன். ஓடிப்போய்க் கட்டினால் என்ன என்று நீங்கள் கேட்டீர்கள். அது எங்களுக்குக் கல்யாணமே ஆகாது என்று நெஞ்சில் அடித்துச் சொன்னேன். உலகத்தில் எந்தக் களவாணியும் வீட்டுக்காரரிடம் பூட்டை இப்படி விளக்கியிருக்க மாட்டான்.

ஆறு மாதம் கழித்து, அதுவரை அண்ணே அண்ணே என்றவன் ஒரு நாள் கைப்பிடியருகே நின்று "மாமா, மழ வரும் போல" என்றேன். நீங்கள் வானத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தீர்கள். பிறகு உள்ளே திரும்பி பிலோமினாவைப் பார்த்தீர்கள். அவள் முறத்தில் இல்லாத கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மழையும் வரவில்லை.

அப்பா முன்பே போய்விட்டார்; என் அம்மா ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து சம்மதத் தாளில் கைநாட்டு வைத்து அனுப்பிவிட்டாள். அத்தை, உங்கள் மனைவி, பிலோமினா அழுத மூன்றாவது நாளே சரி என்றுவிட்டாள். மிச்சம் நீங்கள் ஒருவர். இரண்டு வருஷம். உங்கள் கையிலிருந்த பூட்டை நீங்கள் திறக்கவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. இல்லை என்றிருந்தால் நான் வேறு தோட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய் ஒழிந்திருப்பேன். லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அந்த இரண்டு வருஷத்தில் நான் நடந்த தூரத்தை நேராக நடந்திருந்தால் உங்கள் ரோமாபுரிக்கே போய்ப் பாப்பரசரிடம் கையெழுத்து வாங்கி வந்திருக்கலாம்.

பிறகு அந்த வருஷம் வந்தது. எங்கள் நோன்பு முழுக்க உங்கள் தவக்காலத்துக்குள்ளேயே விழுந்த வருஷம். நீங்கள் இறைச்சியை விட்டீர்கள், சுருட்டை விட்டீர்கள். நான் விடிவதற்கு முன் சாப்பிட்டுவிட்டு, சூரியன் விழும்வரை தண்ணீரும் தொடாமல் இருந்தேன். சிரமமான உடலுழைப்புக்காரர்களுக்கு விலக்கு உண்டு என்று நான் சொல்ல, கிராணி வேலைக்கு ஏது சிரமம் என்று நீங்கள் தீர்ப்பளித்தீர்கள். முதல் நாள் சாயங்காலம் கைப்பிடிக்கு வந்து கெடு வைத்தீர்கள்.

"பத்தொம்பது நாளும் ஒழுங்கா முடி. ஒரு நாளுகூட ஒடைய கூடாது. முடிச்சிட்டு வா, அந்தத் தாளப் பத்திப் பேசலாம். ஒடஞ்சா, பேச்சே வேணாம்."

"யாரு பாக்கப் போறா மாமா?"

"அதான் நானும் பாக்கப் போறேன்" என்றீர்கள்.

பார்த்தீர்கள். காலையில் பெரட்டில் பார்த்தீர்கள், மத்தியானம் ஆபீஸ் ஜன்னலில் அந்த மூக்கு தெரிந்தது, சாயங்காலம் கைப்பிடியில். ஐந்தாம் நாள் நான் மெலிந்து பலகைச் சந்து வழியாக உங்கள் வீட்டுக்குள் வழுக்கி விழுந்தேன் என்பதை இன்றுவரை பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வருகிறேன். பத்தாம் நாள் என் நாக்கு வெளியே தொங்கி, ஆபீசில் தபால் முத்திரை ஈரமாக்கும் வேலைக்குக்கூட ஆகாமல் போனது. யோசுவாவுக்காக ஆகாயத்தில் நின்ற சூரியன் அதற்கப்புறம் சுங்காயில்தான் நின்றது, அதுவும் தினமும் நாலு மணிக்கு என்று நான் புகார் சொன்னேன். வேதத்தை வாயில் வைக்காதே, அதுவும் நோன்பை முறித்துவிடும் என்றீர்கள். பிலோமினா அந்த நாட்களில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் பாத்திரம் கழுவினாள். தண்ணீர்ச் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதாம்.

பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. உங்கள் குருத்து ஞாயிறு. தென்னங்குருத்தைப் பிடித்துக்கொண்டு லயத்தைச் சுற்றி நீங்கள் ஊர்வலம் போய் வந்தீர்கள். வந்தவர்களுக்கெல்லாம் உங்கள் வாசலில் சிராப் கொடுத்தீர்கள், ரோஜா நிறத்தில், ஐஸ் போட்டு. எல்லாரும் கலைந்து போனார்கள். நீங்களும் வீட்டில் மற்றவர்களும் கோயிலைக் கூட்டிப் பெருக்கத் திரும்பிப் போனீர்கள். கட்டைக் கைப்பிடியில், என் பக்கமாக, பச்சை விளிம்பு வைத்த மங்குக் குவளை ஒன்று நிறையச் சிராப்போடு இருந்தது.

நீங்கள் மறந்து வைத்தீர்களா, வேண்டுமென்றே வைத்தீர்களா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

மணி நாலு. லயத்தில் ஒரு நாய்கூட இல்லை. குவளையின் வெளிப்பக்கம் வியர்த்து, ஒரு சொட்டு கைப்பிடியில் விழுந்து காய்ந்தது. இரண்டாவது சொட்டு விழுவதற்குள் நான் எடுத்துக் குடித்துவிட்டேன். ஒரு வாய். இதில் அளப்பு ஏதும் இல்லாமல் எழுதுகிறேன். வைத்த இடத்திலேயே குவளையை வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

அப்புறம்தான் ஆரம்பித்தது. குழாயடிக்குப் போனேன், திரும்பினேன். ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன். இன்னும் ஒரே ஒரு நாள் பாக்கி. வாயை மூடிக்கொண்டிருந்தால் மூன்றாம் நாள் காலை நவ்ரோஸ், எங்கள் புத்தாண்டு, நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள், பிலோமினா இந்தப் பக்கம் வந்துவிடுவாள். ஊரெல்லாம் ஓராயிரம் பொய் சொன்ன வாய்க்கு இன்னொரு பொய் சொல்வது பெரிய வேலையா? அதுவும் பொய் சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு வரவில்லை.

நீங்கள் திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்து மிச்சக் குருத்தில் சிலுவை மடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் போய் நின்றேன். உங்கள் மகள் உங்களுக்குப் பின்னால் கதவோரம் நின்றது எனக்குத் தெரியும்.

"மாமா, எங்க மார்க்கத்துல மனுசன்கிட்ட போயி பாவம் சொல்லி மன்னிப்பு கேக்கக் கூடாது. அதுனால இது மன்னிப்பு கேக்க இல்ல. ஒங்க கெடு ஒடஞ்சு போச்சு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

உங்கள் விரல்கள் நின்றன. எப்படி என்றீர்கள். குவளையைக் காட்டினேன்.

"எவ்ளோ?"

"ஒரு வாய்."

நீங்கள் எழுந்து போய்க் குவளையை எடுத்தீர்கள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தீர்கள்.

"பெரிய வாய்தான் ஒனக்கு" என்றீர்கள். பிறகு படியில் உட்கார்ந்து, பாதியில் நின்ற சிலுவையை மடித்து முடித்து என் கையில் வைத்தீர்கள். "போ. நாளைக்கு ஒரு நாளு இருக்குல்ல, அத முடி. முடிச்சிட்டுத் தாள எடுத்துட்டு வா."

நவ்ரோஸ் அன்று காலை கையெழுத்துப் போட்டீர்கள். பாதரிடம் நீங்களே போய் வாதாடி, மாதா கோயிலில் ஓர் ஆசீர்வாதமும் என் வீட்டில் எங்கள் முறைப்படி ஓர் உறுதிமொழியும் என்று இரண்டையும் நடத்தி வைத்தீர்கள். எண்பதுகளில் தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்டபோது எங்களோடு இந்தச் சிலிபின் வீட்டுக்கு வந்தீர்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் நாலு மணிக்கு என் எதிரில் உட்கார்ந்து, நீங்களும் தண்ணீர் குடிக்காமல் இருந்தீர்கள். தவக்காலமாக இல்லாத நாட்களிலும் இருந்தீர்கள். அந்தக் குவளையைப் பற்றி நீங்கள் மறுபடி பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நீங்கள் போன அன்று உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட எனக்கு அந்தக் கேள்விதான் வாயில் இருந்தது.

குருத்துச் சிலுவை இப்போதும் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது, பழுப்பாகி, தொட்டால் பொடியாகிறாற்போல. படங்கள் வைத்துக் கும்பிடாத எங்கள் வீட்டில் அது கும்பிட அல்ல, பக்கம் குறிக்க. நோன்பு முடிக்கிற ஜெபத்தின் பக்கம் அது.

மணி நாலே கால். பிலோமினா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, குடிக்கவில்லையா என்று கேட்டாள். ஆறட்டும் என்றேன். ஐஸ் போட்ட சிராப் எப்படி ஆறும் என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

மாமா, மேலே எழுதியதில் மூக்கு, நாக்கு, பலகைச் சந்து, நின்ற சூரியன் எல்லாவற்றையும் நீங்களே கழித்துவிடுங்கள். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம், அதை உங்கள் மகளிடம் இதுவரை சொன்னதில்லை. அன்று நீங்கள் அந்தக் குவளையைக் கையில் எடுத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரைக்கு மேல் கவிழ்த்தீர்கள். நான் பார்த்தேன். ஒரு வாய் மட்டுமே குறைந்திருக்க வேண்டிய குவளையிலிருந்து ஒரு சொட்டுக்கூட விழவில்லை.