சர்வர் வாய் திறக்காதபோது

மார்ச் 4
பல் தேய்க்கும்போதே அந்த மின்னஞ்சல். என் ப்ராக்ஸியில் ஓட்டை என்கிறான் முன்பின் தெரியாத ஒருவன். பெயர்கூட இல்லை, ஆந்தைப் படம்தான். ப்ராக்ஸி, நான் எழுதி மூலநிரலோடு இலவசமாக விட்ட மென்பொருள். ஆளுக்கும் லாகின் சர்வருக்கும் நடுவே நின்று, கடவுச்சொல் சரியா என்று கேட்டுச் சொல்லும். சர்வர் பதிலே சொல்லாவிட்டால், "சரி, போ" என்று விட்டுவிடும். யாராவது வேண்டுமென்றே சர்வரைத் திணறடித்தால்? எந்தக் கடவுச்சொல்லுக்கும் கதவு திறக்கும். அதற்குள் அடைத்துவிட வேண்டுமாம், இருபதாம் தேதி ஊருக்கே சொல்வானாம்.

அவன் சொல்வது சரி. அதுதான் எரிச்சல்.

மார்ச் 5
அந்த வழியைத் தெரிந்தேதான் வைத்தேன். ஒரு மருத்துவமனையின் நெட்வொர்க்கைப் பார்க்கும் அக்கா கேட்டார். முகம் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். அங்கே சர்வருக்குப் போகும் லைன் அடிக்கடி அறுந்துவிடும். லாகின் ஆகாவிட்டால் மருந்து அலமாரி திறக்காது.

இன்று போனில் ஆந்தை எழுதியதைச் சொன்னேன். "அதை அடைக்கப் போறேன்க்கா."

"அடைச்சா, லைன் போனதும் என் நர்ஸெல்லாம் அலமாரி முன்னாடி நிக்கணும். உள்ள ஒருத்தருக்கு வலிப்பு வந்துட்டு இருக்கும்."

"உங்க ஒரு இடத்துக்காக எல்லார் கதவையும் தொறந்து வைக்க முடியாது."

"நாற்காலில உக்காந்துட்டு நல்லா பேசுற, தம்பி." வைத்துவிட்டார்.

மார்ச் 6
ஒரு வரிகூட எழுதவில்லை. யாராவது செத்தா? யாராவது திருடினா? ரெண்டும் என் தலையிலயா?

மார்ச் 9
அக்காவே கூப்பிட்டார். "லைன் போனா, அந்த ஷிப்ட்ல சர்வர் ஏற்கெனவே சரின்னு சொன்ன ஆளை மட்டும் விடு. புது ஆளை விடாத."

"லைன் போனப்புறம் டியூட்டிக்கு வர்றவங்க?"

"என்கிட்ட அலமாரி சாவி இருக்கு. ஓடுறேன். எனக்கும் உடம்பு இளைக்கணும்ல."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? கத்துவதில் குறியாக இருந்தால் எப்படித் தோன்றும்.

மார்ச் 19
புதிய பதிப்பு வெளியே போய்விட்டது. அக்கா மாற்றிவிட்டார். மற்றவர்கள்? தெரியாது. நாளை ஆந்தை கூவும்.

மார்ச் 27
அக்காவிடமிருந்து செய்தி: "லைன் போச்சு. மருந்து அலமாரியில ப்ராக்ஸி ரெண்டு பேரைத் தடுத்துச்சு. ஒண்ணு புது நர்ஸ், ஓடிப் போய்த் தொறந்தேன். இன்னொரு பேர்ல எங்ககிட்ட ஆளே இல்ல."

மூன்று முறை படித்தேன். போன் போட்டேன்.

"போலீஸ் வந்திருக்காங்க, அப்புறம் பேசுறேன். அந்த ஆந்தைக்கு என் நன்றியைச் சொல்லிடு."

எழுதி அனுப்பினேன். இத்தனை நாள் மனதுக்குள் அவனைத் திட்டியதை மட்டும் சேர்க்கவில்லை.